கவுண்ட் எழுபது

உலக இறால் உற்பத்தி எந்தத் திசையில் போகிறது என்பதைப் பற்றித் தல்லாகுளத்தில் ஒரு கூட்டத்தில் நெடுநேரம் பேசியவன் நான். பேசிய அன்றுவரை உயிரோடு ஓர் இறாலை நான் பார்த்ததில்லை. குழம்பில் பார்த்திருக்கிறேன். அங்கே அது சுருண்டு படுத்திருக்கும். என் படிப்பைச் சோதிக்கும் நிலையில் இருக்காது. இதை இப்போது வெட்கத்தோடு சொல்கிறேன். அப்போது வெட்கமே வரவில்லை என்பதைக் கூடுதல் வெட்கத்தோடு சொல்கிறேன்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கிற தாளில் தொடங்கி, தண்ணீர் மோட்டார்க் கையேடு வரை தமிழாக்கிப் பிழைக்கிறேன். சில வருடங்களாக ஒரு வேளாண் மாத இதழுக்காக வெளிநாட்டு மீன்வள அறிக்கைகள் வந்துகொண்டிருந்தன. கோச்சடை வீட்டு மாடியில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, ஈக்வடாரையும் வியட்நாமையும் தமிழுக்குக் கொண்டுவந்தேன். ஒரு விஷயத்தைப் பலமுறை மொழிபெயர்த்தால் அது தெரிந்துவிட்டது போல ஒரு மயக்கம் வரும். எனக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது. அட்டவணைகள் மட்டும் ஆகாது. எண்களை வரிசையாகக் கண்டால் கொட்டாவி வரும். 'விவரங்களை அட்டவணையில் காண்க' என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுவேன். விவரங்கள் உண்மையிலேயே அட்டவணையில்தான் இருந்தன.

அந்தக் கூட்டத்தில் நான் சொன்னதன் சாரம் இது. உலகத்தில் இறால் பெருகிக்கொண்டே போகிறது. ஒருகாலத்தில் ஆசியாவின் தொழிலாக இருந்ததை ஈக்வடார் என்ற சின்ன நாடு தட்டிக்கொண்டு போய்விட்டது. அங்கே குளத்துக்குள் ஒலிவாங்கியை இறக்கி, இறால் தின்னும் சத்தத்தைக் கேட்டு, பசி அடங்கியதும் தீனியை நிறுத்துகிறார்கள். (இந்த இடத்தில் சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நான் சற்று நிறுத்தி அதை அனுபவித்தேன்.) நம்முடைய இறாலோ அமெரிக்காவை நம்பியிருக்கிறது, அவர்கள் வரியை ஏற்றினால் இங்கே குளத்துக்காரன் வயிற்றில் அடி விழும். சின்ன இறாலை எல்லாரும் கொட்டிக் குவிக்கிறார்கள். ஆகவே பொறுமையாகப் பெரிதாக வளர்ப்பவனே இனிப் பிழைப்பான்.

கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் என் நெடுநாள் நண்பர், நூல் வியாபாரி. வீட்டில் சௌராஷ்டிரமும் கடையில் தமிழும் பேசுகிறவர். நான் இறங்கி வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"நடுவுல கவுண்ட், கவுண்ட்னு சொன்னீங்களே சார், அது எங்க நூல் கவுண்ட் மாதிரிதானா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது வேற" என்றேன்.

அந்தச் சொல்லை நான் அறிக்கைகளில் பார்த்திருந்தேன். பரீட்சை மதிப்பெண் போல ஏதோ ஒரு தர அளவு, ஏற ஏற நல்லது என்று என் மனத்தில் படிந்திருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. எழுத்தை நம்பிப் பிழைக்கிறவனுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பது கொஞ்சம் கௌரவக் குறைச்சல்.

அந்தச் சபையில் கடைசி வரிசையில் என் மனைவியின் தம்பி உட்கார்ந்திருந்தான். பேரையூர்ப் பக்கம் அவர்களுக்குப் பூர்விக நிலம். அவன் மதுரையில் ஒரு டைல்ஸ் கடையில் சூப்பர்வைசராக இருந்தவன். நிலத்து ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் உண்டு, ஆனால் உப்பு. மாடு வாய்வைத்துவிட்டுத் தலையை உதறும். பருத்தி கருகியது, சோளம் கருகியது. இந்தத் தண்ணீரை விரும்பிக் குடிக்கிற ஒரே பிராணி வனாமி இறால்தான் என்று எங்கோ கேள்விப்பட்டு, முறையாக அனுமதி வாங்கி, வேலையை விட்டு, கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட் விரித்து ஒரு குளம் வெட்டினான். கடலைக் காண அரை நாள் போக வேண்டிய ஊரில் இறால் குளம். பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். முதல் தடவை விட்ட குஞ்சுகள் வெள்ளைப்புள்ளி நோயில் மொத்தமாகப் போய்விட்டன. இரண்டாவது முறை விட்டபோது எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னான்:

"இந்தத் தடவையும் போச்சுன்னா ஷீட்டச் சுருட்டி வச்சிட்டு டைல்ஸ் கடைக்கே போயிருவேன்க்கா. திரும்ப ஒரு தடவ எங்கிட்ட தெம்பு இல்ல."

இறால் வளர்ந்தது. ஓரளவு பருமனானதும், ஏற்றுமதிக் கம்பெனிக்குச் சரக்கு வாங்குகிற தூத்துக்குடி ஏஜென்ட் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பிடித்துவிடலாம் என்றார். அவன் என்னைக் கேட்டான். நான் ஈக்வடாரைச் சொன்னேன், அமெரிக்க வரியைச் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் வளத்துப் பிடி மாப்ள. பெரிய சரக்குக்குத்தான் காலம்." அவன் பிடிக்காமல் வைத்தான். இறாலைக் குளத்தில் ஒரு வாரம் கூடுதலாக வைத்திருப்பது என்பது ஒரு வாரம் கூடுதலாகப் பயந்திருப்பது என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கவில்லை.

கோடை மழைக்கு முன் வருகிற இறுக்கமான நாட்கள். வானம் மூடியபடியே இருந்தது, சொட்டு விழவில்லை. அன்று காலை அவனிடமிருந்து அக்காவுக்குப் போன். பேசிவிட்டு என் மனைவி மாடிக்கு ஏறி வந்தாள். அவள் மாடிக்கு வந்தாலே விஷயம் பெரிது.

"தம்பி கொரலே சரியில்ல. இறாலு மேல வருதாம். நீங்கதான வச்சு வளருன்னீங்க? போய்க் கூட நில்லுங்க."

"நான் போய் என்ன செய்யப் போறேன்?"

"ஒண்ணும் செய்யாதீங்க. நில்லுங்க."

ஸ்கூட்டரில் திருமங்கலம் தாண்டி, கல்லுப்பட்டி தாண்டிப் போகும்போதே மின்கம்பிகளைப் பார்த்துக்கொண்டே போனேன். முந்தின நாள் அடித்த காற்றில் ஒரு கம்பம் சாய்ந்து, அந்தப் பக்கம் கரண்ட் இல்லை என்று டீக்கடையில் சொன்னார்கள்.

குளத்தை அடைவதற்கு முன்பே காகங்கள் தெரிந்தன. கரை முழுக்க வரிசையாக, கல்யாணப் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி. நடுவே நாலைந்து கொக்குகள். ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. குளத்தில் தண்ணீரை அடித்துக் காற்றேற்றுகிற ஏரேட்டர்கள் நான்கு; அவற்றில் இரண்டுதான் சுற்றின. மச்சினன் கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரெண்டு நாள் தாடி. என்னைப் பார்த்ததும் 'வாங்க மச்சான்' என்றுகூடச் சொல்லவில்லை; எங்கள் பக்கத்தில் அது சாவு வீட்டில் மட்டும்தான் நடக்கும்.

"என்ன மாப்ள ஆச்சு?"

"ரெண்டு நாளா மூடாக்கு. வெயிலே இல்ல. தண்ணில இருந்த பாசி செத்து அடியில உக்காந்துருச்சு. காத்து பத்தல. அங்க பாருங்க."

பார்த்தேன். ஓரத்தில் தண்ணீரின் மேல்தோல் துடித்துக்கொண்டிருந்தது. தூறல் விழுவது போலத் தெரிந்தது. வானத்தைப் பார்த்தேன், தூறல் இல்லை. இறால்கள். ஆயிரக்கணக்கில் மேலே வந்து, மீசை நீட்டி, வாலைச் சுண்டி மூச்சுக்கு அலைந்தன. காது கொடுத்தால் சத்தம் கேட்டது, சன்னமாக, சட்டியில் கடுகு அடங்கும்போது வருவது போல. ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

"எம்புட்டு செத்திருக்கும்?"

"தெரியாது. செத்தது மெதக்காது மச்சான், அடியிலதான் கெடக்கும். மெதக்குறது எல்லாம் உசுரோட இருக்கிறதுதான்." கொஞ்சம் நிறுத்தினான். "அது மெதக்குற வரைக்கும்தான் நமக்கு நேரம்."

செய்ய வேண்டியது ஒன்றே. உயிரோடு இருக்கும்போதே பிடித்து ஐஸில் போட்டுவிட வேண்டும். ஏஜென்டை விடியும்போதே கூப்பிட்டிருந்தான். வண்டியில் ஐஸ், வலை, ஆட்கள் எல்லாம் ஏற்றித் தூத்துக்குடியிலிருந்து கிளம்பியாகிவிட்டது. "வண்டிக்காரன் சாத்தூர்கிட்ட வந்திருப்பான். அவன் வந்துட்டா ஓரளவு தப்பிச்சிரலாம்" என்றான். அதைச் சொல்லி முடிக்கும்போது சுற்றிக்கொண்டிருந்த இரண்டு ஏரேட்டர்களில் ஒன்று முக்கி, முனகி, நின்றது. மிதவையைக் கட்டியிருந்த நைலான் கயிறு அவிழ்ந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டுவிட்டது.

ஜெனரேட்டரை அணைத்தான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தியோடு குளத்தில் இறங்கினான். கரையெல்லாம் திடீரென்று அமைதியாகிவிட்டது. காகங்கள் ஓர் எட்டு முன்னே வைத்தன. குளத்தில் இப்போது ஒரு சக்கரமும் சுற்றவில்லை.

அந்த நேரம் பார்த்து அவன் செல்போன் அடித்தது. என் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்கியிருந்தான்.

"ஏஜென்ட்டு மாப்ள!" என்று கத்தினேன்.

"கவுண்ட்டு கேப்பாரு! காலைல வலை வீசிப் பாத்தேன். நாப்பத்தஞ்சுக்கு எறங்கிருச்சுன்னு சொல்லுங்க!" கயிற்றைப் பல்லால் இழுத்துக்கொண்டே சொன்னான்.

எறங்கிருச்சு.

போன தடவை நான் வந்தபோது கவுண்ட் அறுபது என்று அவன் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அறுபதிலிருந்து நாற்பத்தைந்து. இவ்வளவு தீனி போட்டு, இவ்வளவு நாள் காத்து, என் பேச்சைக் கேட்டு நிறுத்திவைத்து, பையன் எடுத்த மதிப்பெண் நாற்பத்தைந்து. அதையும் வெட்கமில்லாமல் சொல்லச் சொல்கிறானே, எவ்வளவு நேர்மை, எவ்வளவு வெள்ளந்தி! அவனுக்காக வாழ்க்கையில் ஒரு காரியமாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஒன்றும் செய்யாதீங்க, நில்லுங்க என்று மனைவி சொன்னது அந்த உணர்ச்சியில் மறந்துபோயிற்று.

"தம்பி பேசலியா?" என்றார் ஏஜென்ட்.

"அவர் குளத்துல இருக்கார். நான் அவர் மச்சான்."

"சரிங்க சார். கவுண்டு என்ன வருது?"

"எழுபது" என்றேன்.

மறுமுனையில் சத்தமில்லை. வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

"எழுவதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. போன தடவ நா வந்தப்பவே அதவிட நல்லா இருந்துதே."

பேரம் பேசுகிறார் என்று எனக்குப் பட்டது. விடக்கூடாது. "எழுபதுக்குக் குறையாது. எழுபத்தஞ்சுகூட இருக்கும். அப்படித் தேறியிருக்கு."

"சரிங்க சார்" என்றார். குரலில் ஒரு சோர்வு இருந்தது. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். "அப்ப வச்சு வளருங்க."

இணைப்பு துண்டாகிவிட்டது. அந்த மூன்று சொற்களை ஓர் ஆசீர்வாதமாகவே நான் வாங்கிக்கொண்டேன்.

அவன் கயிற்றை அறுத்துவிட்டு மூச்சு வாங்கக் கரையேறி வந்து ஜெனரேட்டரைப் போட்டான். சக்கரங்கள் சுற்றின. எனக்கும் உற்சாகம் பிறந்தது.

"வண்டி எங்கயாம் மச்சான்?"

"அது சொல்லல. ஆனா நீ கவலைப்படாத. கவுண்ட்ட நான் விட்டுக்குடுக்கல. எழுபதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

அவன் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"என்னன்னு சொன்னீங்க?"

"எழுபது. எழுபத்தஞ்சுகூட இருக்கும்னேன். வாயே தொறக்கல மனுசன்."

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னான்.

"மச்சான். கவுண்ட்னா கிலோவுக்கு எத்தன இறாலுன்னு அர்த்தம். நாப்பத்தஞ்சு ஏறுனா ஒரு கிலோ. எழுவதுன்னா எழுவது போட்டாத்தான் ஒரு கிலோ. கிலோவுக்கு மச்சான். கிலோவுக்கு."

ஜெனரேட்டர் சத்தத்தில் அந்தக் கடைசிச் சொல் எனக்குக் காதில் விழவில்லை, உதட்டசைவில் தெரிந்தது. நூல் வியாபாரியின் முகம் கண்முன் வந்தது. நூலிலும் அதேதான்: கவுண்ட் ஏற ஏற இழை மெலியும். மதுரையில் பாதிப் பேருக்குத் தெரிந்த கணக்கு. அவர் கேட்டார். நான்தான் 'இது வேற' என்றேன்.

அவன் போனைப் பிடுங்கிக் கூப்பிட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி. வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி. சிக்னல் இல்லை. கிழக்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஓடினான், நானும் பின்னால் ஓடினேன். என் உடம்பு ஓட்டத்துக்கானதல்ல. ஆனால் அன்றைக்கு அது என்னிடம் பேச்சுவார்த்தை நடத்தவில்லை.

ஏஜென்ட் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, வண்டி எங்கண்ணே இருக்கு?"

"வண்டியத் திருப்பியாச்சு. எழுவது கவுண்டுக்கு ஐஸையும் ஆளையும் ஏத்திக்கிட்டு அங்க வந்து நா என்ன செய்யட்டும்? அமெரிக்காக்காரன் வரி போட்டதுல இருந்து கம்பெனில சின்னச் சரக்க ஏறிட்டே பாக்க மாட்டேங்கான். ஈக்வடார்க்காரன் வேற கொட்டுதான்."

என் சொற்பொழிவை எனக்கே ஒருவர் சொல்லிக் கேட்டது அப்போதுதான். நன்றாகத்தான் இருந்தது. அதில் பிழையே இல்லை.

"எழுவது இல்லண்ணே! நாப்பத்தஞ்சுண்ணே! அவரு தெரியாமச் சொல்லிட்டாரு!"

"உங்க ஆளு எழுவதுங்காரு, நீங்க நாப்பத்தஞ்சுங்கீய. இறாலு மேல வந்துட்டுன்னா எல்லாருந்தான் நாப்பத்தஞ்சும்பாங்க. நா எத நம்ப?"

"எண்ணிக் காட்டுறேண்ணே. வீடியோல எண்ணிக் காட்டுறேன். வைங்க."

சக்கரத்தை விட்டுவிட்டு அவனால் வரமுடியாது. ஜெனரேட்டர் சூடேறி வாடை அடிக்க ஆரம்பித்திருந்தது, நனைந்த சாக்கைப் போட்டுப் போட்டு அதைக் குளிர்வித்துக்கொண்டிருக்க வேண்டும். வலையை வீசி ஒரு வாளி இறாலையும் தராசையும் ஒரு தாம்பாளத்தையும் என்னிடம் கொடுத்தான். "மேட்டுக்குப் போய் எடை போட்டு எண்ணிக் காட்டுங்க. ஒரு கிலோ. ஒண்ணொண்ணா. சொதப்பிறாதீங்க மச்சான்."

தொட்டி மேட்டில் போனைச் செங்கலில் சாய்த்து வைத்தேன். திரையில் ஏஜென்டின் முகம் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எரிச்சலாகப் பார்த்தார். தராசுத் தட்டில் இறாலை அள்ளிப்போட்டுக் கிலோவுக்கு நிறுத்தினேன். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துத் தாம்பாளத்தில் வைக்க வேண்டும். குழம்பு இறாலுக்கு இல்லாத பல வசதிகள் உயிருள்ள இறாலுக்கு உண்டு. நெற்றியில் ரம்பம் போன்ற ஒரு முள். நமது கட்டைவிரலில் அது ஏறும். வாலைச் சுண்டினால் முகத்துக்கு நேராக வரும்.

"பதினேழு... பதினெட்டு..." ஒன்று துள்ளித் தட்டுக்கே திரும்பிப் போனது. "பதினெட்டா, பத்தொன்பதா?"

"மொதல்ல இருந்து எண்ணுங்க சார்" என்றார் ஏஜென்ட்.

எண்ணினேன். கீழே அவன் சாக்கோடு ஓடிக்கொண்டிருந்தான். ஓரத்தில் துடித்துக்கொண்டிருந்த தண்ணீரில் ஒரு திட்டு அடங்கிவிட்டதைப் பார்த்தேன். அங்கே மிதந்தவை இப்போது மிதக்கவில்லை. அது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. முப்பது வரை வந்து மறுபடியும் தவறவிட்டேன்.

"அங்கன என்னத்தப் பாக்கீங்க? தட்டப் பாருங்க! நீங்க வாயத் தொறக்காதீங்க சார், எடுத்து மட்டும் வைங்க. நா எண்ணுதேன்."

உலக உற்பத்தியைப் பற்றிப் பேசியவன் வாயை மூடிக்கொண்டு இறாலை எடுத்து வைத்தேன். தூத்துக்குடியிலிருந்து அவர் எண்ணினார். நாற்பதைத் தாண்டியபோது தட்டில் நாலைந்துதான் மிச்சமிருந்தன.

"நாப்பத்தி நாலு. தரையில ஒண்ணு கெடக்கு பாருங்க, ஒங்க காலுகிட்ட. அதயும் எடுங்க. நாப்பத்தஞ்சு." கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். "சரக்கு நல்லாத்தானய்யா இருக்கு."

"வண்டி அனுப்புவீங்களா?"

"டிரைவரு கோவில்பட்டிகிட்டப் போயிருப்பான். திருப்பச் சொல்லுதேன். ஆனா ஒண்ணு, உசுரோட இருக்கதத்தான் எடுப்பேன். அடியில கெடக்கத ஒங்க மச்சானே பாத்துக்கிடட்டும்."

அப்புறம் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை, ஏனென்றால் யோசிக்க நேரமிருக்கவில்லை. ஜெனரேட்டருக்கு ஓய்வு கொடுக்கிற நேரமெல்லாம் குளத்தில் இறங்கினோம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாளியில் தண்ணீரை மொண்டு தலைக்கு மேல் தூக்கி ஊற்ற வேண்டும். விழுகிற தண்ணீர் கொஞ்சம் காற்றை உள்ளே கொண்டுபோகும். வேட்டியை மடித்துக் கட்டியபடி, இடுப்பளவு உப்புத் தண்ணீரில், கால்களில் இறால்கள் மோத மோத, மொண்டேன், ஊற்றினேன். கால் வைக்கிற இடத்தில் சில சமயம் மெத்தென்று இருந்தது. காலை எடுத்து வேறிடத்தில் வைத்தேன். அங்கேயும் மெத்தென்று இருந்தது.

அவன் என்னிடம் பேசவில்லை. கோபம் என்றால் பேசியிருப்பான். ஒருமுறை மட்டும், வாளியைக் கீழே வைக்காமலே, "டைல்ஸ் கடைல புது ஆளு போட்டுட்டாங்களாம்" என்றான். என்னிடம் சொன்னானா, இறாலிடமா, தெரியவில்லை. நான் வேகமாக ஊற்றினேன்.

வானம் இன்னும் இருண்டது. இருட்டிவிட்டால் நிலைமை மோசமாகும் என்று எனக்கே தெரிந்தது. ரோட்டில் ஏதாவது இரைச்சல் கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவோம். டவுன் பஸ். செங்கல் லாரி. மறுபடியும் டவுன் பஸ். பிறகு, கண்மாய்க் கரை வளைவில், நீலப் பெட்டிகள் அடுக்கிய ஒரு வண்டியின் முகப்பு விளக்குகள் தெரிந்தன. அவன் வாளியை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறினான். ஏறும்போது அவன் தோள் குலுங்கியதை நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேன்.

வலைக்காரர்கள் என்னைக் குளத்திலிருந்து மரியாதையாக வெளியேற்றினார்கள். "நீங்க மேல வாங்க சார், வலையில மாட்டிக்கிடுவிய." இழுத்த இழுப்பில் வலை பாரமாக வந்தது. பெட்டிகளில் ஐஸும் இறாலும் மாறி மாறி அடுக்கப்பட்டன. குளத்தின் மற்றப் பக்கங்களில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்து வந்துவிட்டன. நான் ஏஜென்டிடம் எழுபது என்று சொன்ன நேரத்துக்கும் வண்டி வந்த நேரத்துக்கும் இடையில், தென்மேற்கு மூலையில் அடங்கிப்போனவை மட்டும் வரவில்லை. அவற்றை மறுநாள் சுண்ணாம்பு போட்டுக் குழியில் புதைத்தான். குழி பெரிதாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை. ஷீட்டைச் சுருட்டவில்லை என்பது மட்டும் எனக்குப் போதுமானதாக இருந்தது. கொஞ்ச நாள் கழித்து, அடுத்த குஞ்சு விடுவதற்குக் குளத்தைக் கழுவிக்கொண்டிருப்பதாக அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை. இந்த முறை எப்போது பிடிப்பது என்று என்னிடம் யோசனையும் கேட்கவில்லை.

நான் மட்டும் அதை ஒரு குற்றமாக உள்ளே வளர்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஏஜென்ட் என்னை மோசடிக்காரன் என்றோ, குடித்திருந்தேன் என்றோ நினைத்திருப்பார் என்ற கவலை வேறு. கடைசியில் மச்சினன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஒரு நாள், தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மாப்ள, அந்த ஏஜென்ட்டு என்னப் பத்தி எதும் சொன்னாரா?"

"சொன்னாரே" என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே. அவரைப் போலவே குரலை இழுத்தான். "'முப்பது வருசமா இந்தத் தொழில்ல கெடக்கேன். சின்னத எல்லாம் பெருசுன்னு பொய் சொல்லுத ஆளத்தான் பாத்திருக்கேன். தன் சரக்கத் தானே சின்னதாக்கிப் பொய் சொன்ன ஆள இப்பத்தான் பாக்கேன். ஒங்க மச்சான் பொய் சொல்லக்கூடப் படிக்கலியா தம்பி?'ன்னாரு."